காந்தி கிராமத்துச் சௌந்திரம்

நுழையும்முன்

பள்ளியை விட்டு நின்ற பெண், திருமணம் ஆகும்வரை என்ன செய்வாள்? எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இவ்வினாவை எவரும் எழுப்பியதில்லை. வீட்டு வேலை இருந்தது. வயல் வேலை இருந்தது. தம்பி தங்கையரைத் தூக்கி வளர்க்கும் பொறுப்பு இருந்தது. அந்த இடைக்காலத்தை ஒரு பயிற்சிக் காலமாக மாற்ற முற்பட்ட மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

சின்னாளப்பட்டியில் ஒரு மருத்துவர்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலைத் தொடரைப் பார்த்தபடி இருக்கிறது சின்னாளப்பட்டி. நெசவாளர் ஊர். சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில், இவ்வூரில் இரண்டே படுக்கைகளுடன் ஒரு சிறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் கதராடை உடுத்திய பெண் மருத்துவர். அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. மதுரையின் பெருஞ்செல்வக் குடும்பம் ஒன்றின் மகள் அவர். தந்தையின் பேருந்துகள் ஓடிய நகரத்திலேயே தங்கி வசதியாக மருத்துவம் பார்த்திருக்கலாம். அவரோ, புழுதி பறக்கும் ஊருக்கு வந்து, வெள்ளாடும் கோழியும் திரியும் முற்றங்களுக்குள் நுழைந்து, பேறுகாலப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தாம் மருத்துவர் தி. சு. சௌந்திரம். திருமணத்திற்குப் பின் சௌந்திரம் இராமச்சந்திரன்.

பிறப்பும் இளமையும்

சௌந்திரம் 1904 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 ஆம் நாள் பிறந்தார். தந்தை, நெல்லை மாவட்டம் திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், தாய் இலட்சுமி அம்மாள். டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தால் நாடறிந்த தொழில் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இத்தந்தையே.

அக்கால வழக்கப்படி சௌந்திரத்திற்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் சௌந்திரராசன் ஒரு மருத்துவர். மனைவி படிக்க வேண்டும் என்று விரும்பிய கணவர் அவர். ஆனால் அவ்வாழ்க்கை நீடிக்கவில்லை. கணவர் இளமையிலேயே இறந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் சௌந்திரம் கைம்பெண்ணானார்.

அன்றைய நிலையில் அவர் முன் விரிந்து கிடந்த வாழ்க்கை யாவரும் அறிந்ததே. வெள்ளை உடையும், வீட்டின் பின்கட்டும், மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுங்கி நிற்றலுமாக எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டியிருந்தது. செல்வம் அதை மாற்றிவிடாது. வசதியான வீட்டின் பின்கட்டும் பின்கட்டுதான். சௌந்திரத்தின் வாழ்வில் மாறியது வேறொன்று. அவர் மீண்டும் படிக்கலாம் என்று பெற்றோர் இசைந்தனர். உடன் படித்திருக்க வேண்டியவர்கள் தாய்மாராகிக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த வயதில், விட்ட இடத்திலிருந்து அவர் பாடப்புத்தகத்தை எடுத்தார். பெண்களுக்கென்றே நடைபெற்ற தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்திரண்டு.

மருத்துவப் பட்டத்தோடு தில்லி அவருக்கு வேறொன்றையும் அளித்தது. அங்குப் பழகிய சுசீலா நய்யார், காந்தியடிகளின் செயலர் பியாரிலாலின் தங்கை. பின்னாளில் காந்தியடிகளின் மருத்துவராகவும் விளங்கியவர். அவர் வழியாகச் சௌந்திரம் காந்தியடிகளைச் சந்தித்தார். ஊர் திரும்பி மதுரையில் மருத்துவம் பார்த்த ஆண்டுகளிலும் அத்தொடர்பு அறுந்துவிடவில்லை.

சேவாகிராமத்தில் ஒரு திருமணம்

தாழ்த்தப்பட்டோர் நலப்பணியில் ஈடுபட்டிருந்த நாள்களில், சௌந்திரம் ஜி. இராமச்சந்திரனைச் சந்தித்தார். கேரளத்தின் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த இராமச்சந்திரன், சாந்திநிகேதனில் தாகூரிடம் பயின்று, பின் காந்தியடிகளின் தொண்டரானவர். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். மறுமணம் என்பது ஒரு தடை. சாதி வேறு, மொழி வேறு என்பது மற்றொரு தடை. மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் துணிந்த பெற்றோரால் இதனை ஏற்க முடியவில்லை. ஒரு தடையைத் தாண்டிய குடும்பம் எல்லாத் தடைகளையும் தாண்டிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

செய்தி காந்தியடிகளிடம் சென்றது. அவர் உடனே வாழ்த்திவிடவுமில்லை, மறுத்துவிடவுமில்லை. ஓராண்டுக் காலம் இருவரும் சந்திக்கவோ கடிதம் எழுதவோ கூடாது; அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம் என்று நெறி வகுத்தார். ஓராண்டு கழிந்தது. மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7 ஆம் நாள் சேவாகிராமத்தில் காந்தியடிகள் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது. மணமகளின் சேலை காந்தியடிகள் நூற்ற நூலாலும், மணமகனின் வேட்டி கஸ்தூர்பா நூற்ற நூலாலும் நெய்யப்பட்டவை என்று கூறுவர்.

கஸ்தூர்பாவின் பெயரால்

1942 ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கணவன் மனைவி இருவரும் பங்கேற்றனர். அப்போராட்டத்தின்போது காந்தியடிகளுடன் புனே ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்ட கஸ்தூர்பா, 1944 பிப்ரவரி 22 ஆம் நாள் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் சேர்ந்தது.

அத்துணைப் பெருந்தொகைக்கு நகரத்தில் ஒரு மாளிகையும் சிலையும் எழுப்பியிருக்கலாம். காந்தியடிகள் அதற்கு இசையவில்லை. முறையான பள்ளிக் கல்வி பெறாத சிற்றூர்ப் பெண்கள் பலரைப் போன்றவர்தாம் கஸ்தூர்பா. எனவே, இந்நிதி இந்தியச் சிற்றூர்களில் வாழும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும். அப்பணியைப் பெண்களே செய்ய வேண்டும் என்று அவர் வரையறுத்தார்.

இரண்டாவது வரையறைதான் கடினமானது. ஊருக்கு ஊர் சென்று பணியாற்றப் பெண்கள் எங்கே இருந்தனர்? படித்த பெண்கள் மிகச் சிலர், அவர்களும் நகரத்தினர். 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. வெளியிலிருந்து ஆட்களை அழைத்து வருவது இயலாது. சிற்றூர்ப் பெண்ணையே பயிற்றி, அவளைச் சிற்றூருக்கு அனுப்புவதொன்றே வழி. கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் சார்பில் தென்னகத்தில் இப்பொறுப்பு சௌந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் சென்றார். வழியில் அம்பாத்துரை நிலையத்தில் அவரைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. அந்நிலையத்திற்கு அண்மையிலேயே, அடுத்த ஆண்டு அக்டோபர் 7 ஆம் நாள், சௌந்திரமும் இராமச்சந்திரனும் காந்தி கிராமத்தைத் தொடங்கினர். மரமும் நிழலும் அரிதாக இருந்த மேட்டு நிலம் அது. நான்கு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் பெயரால் அமைந்த கிராமத்தை அவர் காணவே இல்லை.

பயிற்சி

காந்தி கிராமத்தில் கிராம சேவிகைகளுக்கான பயிற்சி நடைபெற்றது. வந்தவர்களில் பருவமடைந்தபின் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண்களும் இருந்தனர்; இளங்கைம்பெண்களும், கணவரால் கைவிடப்பட்டவர்களும் இருந்தனர். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த அவர்கள் ஒரே விடுதியில் தங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். சமைப்பதும் பெருக்குவதும் கழிப்பிடம் தூய்மை செய்வதும் முறைவைத்து எல்லாருக்கும் வந்தன. ஊரில் இன்னாரைத் தொடலாகாது என்று பழக்கப்பட்ட பெண்ணுக்கு, வேறெந்தப் பாடத்தையும்விட இதுவே கடினமான பாடமாக இருந்திருக்கும்.

எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்டன. நூல் நூற்றல், காய்கறித் தோட்டம், குழந்தை வளர்ப்பு, முதலுதவி, தண்ணீரைத் தூய்மையாக வைத்திருத்தல், முதியோருக்குப் பாடம் சொல்லுதல் ஆகியனவும் இருந்தன. கேட்பதற்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால், சௌந்திரம் மருத்துவர் என்பதை நினைவில் கொண்டு பார்த்தால் இச்சிறியவற்றின் பொருள் விளங்கும்.

அக்காலச் சிற்றூரில் பேறுகாலம் எவ்வாறு நடந்தது? காற்றும் வெளிச்சமும் இல்லாத மூலையில் தாய் கிடத்தப்படுவாள். தொப்புள்கொடியை அறுக்கக் கையில் கிடைத்த அரிவாளோ, கத்தியோ, மூங்கில் சிம்போ பயன்படும். அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ அப்புவதும் பல இடங்களில் வழக்கம். நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்த குழந்தை ஓரிரு வாரத்திற்குள் தாடை இறுகி, உடல் விறைத்து இறந்துபோகும். காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று ஊர் சொல்லும். உண்மையில் அது இரணசன்னி. சாணத்திலும் மண்ணிலும் வாழும் கிருமி, அறுத்த தொப்புள்கொடி வழியே குழந்தையின் உடலுக்குள் புகுவதால் வருவது. அதனைத் தடுக்க அன்று பெரிய மருத்துவமனை தேவைப்படவில்லை. கொதிக்கும் நீரில் போட்டெடுத்த ஒரு கத்தி, கொதிக்க வைத்த நூல், சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு கைகள் ஆகியவை போதும். சாணம் வைக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லும் ஒருத்தியும் அங்கு இருக்க வேண்டும்.

அந்த ஒருத்தியை உருவாக்குவதே பயிற்சியின் சாரம். சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிடாமல் குழந்தைக்குக் கொடுக்கச் செய்வதும், காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்று பாட்டிமாருக்குப் புரியவைப்பதும் அவள் வேலை. மருந்தைவிட இங்கே நா வன்மை மிகுதியாக வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண், அறுபது வயதுக் கிழவியிடம் அவள் ஆயுள் முழுவதும் செய்துவந்தது தவறு என்று மனம் நோகாமல் சொல்ல வேண்டும். எத்தனை புத்தகம் படித்தாலும் இது வராது. பழகித்தான் வர வேண்டும்.

ஊர் மருத்துவச்சியைப் பழிப்பது எளிது. நள்ளிரவிலும் கூப்பிட்டவுடன் வந்தவள் அவள் ஒருத்திதான். பெரும்பாலும் அவள் பெற்ற கூலி, படி நெல்லும் பழஞ்சேலையுமே. கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அவளுக்கு எவரும் அளித்ததில்லை. மருத்துவமனை வளர்ந்தபோது மகப்பேற்று உதவிக்கான பயிற்சியும் அங்கு வளர்ந்தது. சின்னாளப்பட்டியின் இரண்டு படுக்கைகள் பின்னர்க் காந்தி கிராமத்தில் கஸ்தூர்பா மருத்துவமனையாகப் பெருகின. பெற்றோரற்ற, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென இல்லமும் அமைந்தது.

பயிற்சி முடிந்தபின்

பயிற்சி முடித்த பெண் ஒரு சிற்றூருக்கு அனுப்பப்படுவாள். அங்கு அவளுக்கு உற்றார் இல்லை; உறவினர் இல்லை. காலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பாலர்பள்ளி நடத்த வேண்டும். பகலில் வீடு வீடாகச் செல்ல வேண்டும். மாலையில் பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும். இரவில் எந்த நேரமும் கதவு தட்டப்படலாம்.

மணமாகாத பெண் தனியே ஓர் ஊரில் குடியிருப்பதை அன்றைய ஊர்கள் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. அவள் யார், எந்தச் சாதி, ஏன் மணமாகவில்லை, இரவில் எங்கே போய்வருகிறாள் என்ற பேச்சு எழும். நல்ல கிணற்றில் அவளைத் தண்ணீர் எடுக்க விடுவார்களா என்பதுகூட அவள் சாதியைப் பொறுத்தது. தன் வீட்டிலும் எதிர்ப்பு இருக்கும். வேலைக்குப் போன பெண்ணை யார் கட்டிக்கொள்வார் என்று பெற்றோர் கவலைப்படுவர். கிராம சேவிகையின் வரலாற்றை எழுதுவோர், அவள் கற்றுக் கொடுத்தவற்றை எழுதிய அளவிற்கு, அவள் தாங்கிக்கொண்டவற்றை எழுதவில்லை.

ஆயினும் அவள் பெற்ற ஒன்று அவள் தாய்க்குக் கிட்டாதது. மாதம்தோறும் தன் உழைப்புக்குரிய ஊதியத்தைத் தன் கையில் வாங்கினாள். அதற்குத் தானே கையெழுத்திட்டாள்.

பதவிகள்

சௌந்திரம் ஆட்சிமன்றத்திலும் இடம்பெற்றார். 1952 ஆம் ஆண்டு ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957 ஆம் ஆண்டு வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962 ஆம் ஆண்டு திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, நேரு அமைச்சரவையில் கல்வித்துறைத் துணையமைச்சரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1967 தேர்தலில் வெற்றி கிட்டவில்லை. அவர் நினைவைப் போற்றும் அஞ்சல்தலை 2005 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

இதற்கிடையில் காந்தி கிராமமும் விரிந்தது. 1956 இல் அங்குத் தொடங்கப்பட்ட கிராமிய உயர்கல்வி நிறுவனம், 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தாயும் சேயும் இறப்பதைக் குறைத்தல், பேறுகளுக்கிடையே இடைவெளி விடுதல் ஆகியவற்றில் ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த நலவாழ்வுத் திட்டம் பிற மாநிலத்தாரும் வந்து பார்த்துச் செல்லும் அளவுக்குப் பெயர் பெற்றது. பட்டம் வழங்கும் நிறுவனமாகக் காந்தி கிராமம் வளர்ந்ததைப் பலர் அறிவர். பட்டம் எதுவும் பெறாமல் அங்கிருந்து சிற்றூர்களுக்குச் சென்ற பெண்களைப் பற்றி அறிந்தோர் குறைவு.

பயிற்சியால் ஆகாதது

பயிற்சியால் எல்லாம் ஆகிவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். குழந்தைக்குக் கீரையும் பருப்பும் கொடு என்று சேவிகை சொல்லலாம். பருப்பு வாங்கக் காசில்லாத வீட்டில் அவ்வறிவுரை என்ன செய்யும்? தோட்டம் போடக் கற்றவளுக்குத் தோட்டம் போட நிலம் வேண்டும். கூலி, நிலம், சாதி ஆகிய மூன்றும் சேவிகையின் பாடத்திட்டத்திற்கு வெளியே நின்றன. அவற்றை நோக்கி நடந்தவர், சௌந்திரத்திடம் வளர்ந்த பெண்களுள் ஒருவரே.

திண்டுக்கல் வட்டாரத்தில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் 1926 ஆம் ஆண்டு பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாய் வயல்கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். நிறைந்த கருவோடு வரப்பில் குனிந்து நிமிர்ந்த தாயைப் பார்த்து வளர்ந்த சிறுமிக்கு, படிப்பு என்பது எட்டாத கனியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மதுரையில் சௌந்திரம் பெண்களுக்கென நடத்திய விடுதி அவருக்குக் கதவு திறந்தது. சௌந்திரம் அவரை மகளாகவே கொண்டு படிக்க வைத்தார். கிருஷ்ணம்மாள் பட்டம் பெற்றார். அவருடைய சமூகத்தில் அந்நாளில் அது கேட்டறியாத செய்தி.

பட்டம் பெற்றவர் வேலை தேடிப் போகவில்லை. சர்வோதயத் தொண்டில் இறங்கினார். நாடு விடுதலை பெற்ற பின்பே மணம் என்று உறுதிகொண்டிருந்த தொண்டர் ஜெகந்நாதனை 1950 ஆம் ஆண்டு மணந்தார். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தனர். 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர் கீழவெண்மணியில் குடிசைக்குள் எரிந்து இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இச்செய்தி கேட்ட கிருஷ்ணம்மாள் அவ்வட்டாரத்திற்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டார். நிலவுடைமையாளரோடு பேசியும், போராடியும், கடன் பெற்றும் நிலங்களை வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கும் பணியில் ஈடுபட்டார். 1981 ஆம் ஆண்டு அப்பணிக்கென அவரும் கணவரும் 'லாப்டி' என்னும் உழுபவர் நில விடுதலை அமைப்பை நிறுவினர். நிலங்கள் பெண்களின் பெயரிலேயே பத்திரம் செய்யப்பட்டன.

தம் வளர்ப்பு மகளின் இம்முயற்சி வேர்கொள்ளத் தொடங்கிய காலத்தில் சௌந்திரம் முதுமையை அடைந்திருந்தார். 1984 அக்டோபர் 21 ஆம் நாள், எண்பதாம் வயதில் அவர் காலமானார். அந்த நேரத்தில் தஞ்சைச் சீமையின் கீழைப் பகுதியில், நாற்று நட்டுக் கூலி வாங்கியே பழகிய பெண்கள், தங்கள் பெயர் எழுதிய பத்திரத்தைத் தகரப்பெட்டியில் பூட்டி வைக்கத் தொடங்கியிருந்தனர்.